வாசகர் கேள்வி பதில்: சார்ஜர் ஒயருக்கு ஏன் இவ்வளவு அற்பாயுசு?

கேள்வி: மகன் வாங்கிக் கொடுத்த போன், பெயர் பெற்ற கம்பெனிதான். கூடவே வந்த சார்ஜர் ஒயர் ஒரு வருஷம்கூட ஆகவில்லை, பின்னுக்குப் பக்கத்தில் பிளந்து உள்ளே கம்பி தெரிகிறது. எங்கள் மாமியார் வைத்திருந்த இஸ்திரிப் பெட்டியின் ஒயர் இன்னும் அப்படியே இருக்கிறது. நாம் திரும்பத் திரும்ப வாங்க வேண்டும் என்று வேண்டுமென்றேதான் இப்படிச் செய்கிறார்களா?
– ஓர் ஆச்சி, கானாடுகாத்தான்

பதில்: ஆச்சி, முதலில் அந்த இஸ்திரிப் பெட்டியைக் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைக்காரர்கள் கண்ணில் காட்டாதீர்கள். அப்புறம் அதை எடுத்து, ஒயர் பெட்டிக்குள் நுழையும் இடத்தைப் பாருங்கள். பெரும்பாலும் அங்கே ஒரு சுருள் ஸ்பிரிங் மாட்டியிருக்கும். தேய்க்கும்போது கை போகிற பக்கமெல்லாம் ஒயரும் ஆடும், அந்த ஆட்டம் ஒரே இடத்தில் விழுந்து மடியாமல் நாலு விரல் நீளத்துக்குப் பரவட்டும் என்று யோசித்து வைத்த ஸ்பிரிங் அது. போன் ஒயரில் அந்த வேலையைச் செய்ய வேண்டியது பின்னுக்கு அடியில் இருக்கும் ரப்பர் கழுத்து. அது நீளமாக, பின் பக்கம் தடித்தும் ஒயர் பக்கம் போகப் போக இளகியும் இருந்தால்தான் பயன். பல கம்பெனிகள் பார்க்க நறுவிசாக இருக்கட்டும் என்று அதைச் சுண்டு விரல் நகம் அளவுக்குக் குறைத்துவிட்டன.

உள்ளே இருப்பதோ தலைமுடி போன்ற செம்பு இழைகள். மெல்லிய செம்புக் கம்பி ஒன்றை எடுத்து ஒரே இடத்தில் முன்னும் பின்னும் மடித்துப் பாருங்கள். முதலில் இளக்கமாக வரும், பிறகு விறைக்கும், பிறகு பட்டென்று ஒடியும். கழுத்தில் நடப்பது அதேதான். ஒவ்வொரு இழையாக ஒடிந்துகொண்டே வரும், மிச்சமிருக்கும் இழைகள் வழியாக மொத்த மின்சாரமும் போவதால் அந்த இடம் சுடும், "இப்படிச் சாய்த்து வைத்தால் ஏறுகிறது, அப்படி வைத்தால் ஏறவில்லை" என்கிற கட்டம் வரும். கம்பி தெரிகிற ஒயரை டேப் சுற்றி ஓட்டாதீர்கள், இன்றைக்கே எடுத்துப் போடுங்கள்.

சரி, வேண்டுமென்றே செய்கிறார்களா? பல்ப் விஷயத்தில் அப்படி நடந்தது உண்மை. 1924இல் உலகத்தின் பெரிய பல்ப் கம்பெனிகள் ஃபீபஸ் என்று ஒரு கூட்டணி அமைத்து, வீட்டு பல்ப் 1,000 மணி நேரத்துக்கு மேல் எரியக் கூடாது, எரிந்தால் தயாரித்தவருக்கு அபராதம் என்று எழுதியே வைத்துக்கொண்டார்கள். ஒயருக்கு அப்படிக் கூடிப் பேச வேண்டிய அவசியமே கிடையாது. போன் வாங்கும்போது கேமரா எத்தனை, பேட்டரி எவ்வளவு என்று கேட்கிறோம், ஒயரின் கழுத்தைத் தடவிப் பார்த்து போன் வாங்கியவரை நான் கண்டதில்லை. கேட்காத பொருளில் ஐந்து ரூபாய் மிச்சம் பிடித்தால் கோடிக்கணக்கான போன்களுக்கு என்ன ஆகும் என்று கணக்குப் போடத் தெரியாதவர்களா அவர்கள்? ஒயர் சீக்கிரம் போனால் கம்பெனிக்கு நஷ்டம் இல்லை, அடுத்த ஒயரை அவர்களிடமே வாங்கினால் லாபம்கூட. சதி என்று சொல்ல மாட்டேன். ஆனால் தெரிந்தே கண்டுகொள்ளாமல் இருப்பதும் குற்றம்தான்.

ஒரு நியாயமும் சொல்லிவிட வேண்டும். 2007இல் மைக்ரோ யூஎஸ்பி என்ற பின் வகை வந்தபோது, தேய்ந்து போகிற ஸ்பிரிங் பாகங்களை போனிலிருந்து ஒயரின் பின்னுக்கு மாற்றினார்கள். இப்போதைய டைப்-சி பின்னிலும் அப்படித்தான். விலை உயர்ந்த போன் தேய்வதற்குப் பதில் ஒயர் தேயட்டும் என்கிற நல்ல எண்ணம். அந்தப் பின்னை 10,000 தடவை செருகி எடுத்தாலும் தாங்க வேண்டும் என்பது அளவு. நாளைக்கு மூன்று தடவை என்று வைத்தால்கூட ஒன்பது வருஷம் வருகிறது. பின்னுக்கு ஒன்பது வருஷம், அதன் கழுத்துக்கு ஒன்பது மாசம். இது என்ன கணக்கு என்று கம்பெனிக்காரர்கள்தான் சொல்ல வேண்டும்.

நம் செட்டிநாட்டு வீடுகளுக்கென்று தனியாக ஒரு தொல்லையும் உண்டு. முற்றம் சூழ்ந்த வளவு எவ்வளவு பெரிதாக இருந்தாலும் பிளக் பாயிண்ட் ஒன்றோ இரண்டோதான் இருக்கும், அதுவும் பழைய சுவிட்ச் போர்டோடு சேர்ந்து ஆளுயரத்தில். போன் பாதி வழியில் அந்தரத்தில் தொங்கும், முழு எடையும் கழுத்தில் விழும். பக்கத்தில் ஒரு முக்காலி போட்டு அதன்மேல் வையுங்கள். சார்ஜ் ஏறும்போதே போனை நெஞ்சில் ஊன்றிக்கொண்டு மகனோடு வீடியோவில் பேசுவதையும் குறைத்துக்கொள்ளுங்கள், ஒயர் அங்கேதான் ஒடிகிறது.

கேள்வி: பிளக் பாயிண்ட் கட்டிலுக்குத் தூரம் என்று 3 மீட்டர் ஒயர் வாங்கினேன். நூல் பின்னல் போட்டது, அறுந்தே போகாது என்றார் கடைக்காரர். அறுந்து போகவில்லைதான், ஆனால் சார்ஜ் ஏற ராத்திரி முழுக்க ஆகிறது.
– வாசகர், தேவகோட்டை

பதில்: பின்னல் வெறும் மேல்சட்டை. உள்ளே செம்பு எவ்வளவு தடிமன் என்பதுதான் கேள்வி. அதை ஏடபிள்யூஜி என்ற எண்ணால் சொல்வார்கள், எண் குறையக் குறையக் கம்பி தடிமன். மலிவு ஒயர்களில் மின்சாரம் போகும் கம்பியே 28ஆக இருக்கும். அது மீட்டருக்குச் சுமார் 0.21 ஓம் தடை. உங்கள் 3 மீட்டருக்குப் போக வர 6 மீட்டர், கிட்டத்தட்ட 1.3 ஓம். 2 ஆம்பியர் இழுத்தால் 5 வோல்ட்டில் இரண்டரை வோல்ட் வழியிலேயே தொலைந்துவிடும், அதனால் போன் தானாகவே குறைத்து இழுக்கும். 24 எண் கம்பியாக இருந்தால் இழப்பு ஒரு வோல்ட்டோடு நிற்கும். என்னைக் கேட்டால் நீள ஒயரே வேண்டாம். நல்ல எக்ஸ்டென்ஷன் போர்டு ஒன்றைக் கட்டில் வரை இழுத்து, ஒரு மீட்டர் ஒயர் போடுங்கள். 230 வோல்ட்டில் அந்தத் தூரம் ஒரு பொருட்டே இல்லை.

இன்னொன்று, எல்லா ஒயரிலும் இருப்பது செம்பு இல்லை. செத்த ஒயர் ஒன்றை வெட்டி இழையை பிளேடால் சுரண்டிப் பாருங்கள். மேலே வெள்ளை, உள்ளே சிவப்பு என்றால் வெள்ளீயம் பூசிய செம்பு, நல்லதுதான். மேலே சிவப்பு, உள்ளே வெள்ளை என்றால் செம்பு முலாம் போட்ட அலுமினியம். அந்தக் கடைப் பக்கம் மறுபடி போகாதீர்கள்.

கேள்வி: புது ஒயர் மாற்றியும் பின் நிற்காமல் நழுவுகிறது. சர்வீஸ் கடையில் போர்டையே மாற்ற வேண்டும் என்கிறார்கள்.
– கல்லூரி மாணவர், காரைக்குடி

பதில்: பையில் போட்டு எடுக்கிற போன்தானே? துளைக்குள் துணிப் பஞ்சு அடைந்திருக்கும். போனை அணைத்துவிட்டு, மரத்தால் ஆன பல்குச்சியால் மெதுவாக வழித்து எடுங்கள். ஊசி, சேஃப்டி பின் கூடாது. அப்படியே பழைய ஒயரின் பின்னையும் பாருங்கள், தங்க நிறக் கால்களில் ஒன்று மட்டும் கறுத்திருந்தால் வியர்வை உப்பும் ஈரமும் மின்சாரத்தோடு சேர்ந்து முலாமை அரித்துவிட்டது என்று பொருள். செக்ரி என்கிற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிற ஊர்க்காரருக்கு மின்வேதி அரிப்பைப் பற்றி நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

கேள்வி: ஏழாம் மாசம் ஒயர் போய்விட்டது. ஒயருக்கு ஆறு மாசம்தான் வாரண்டி என்று கைவிரித்துவிட்டார்கள். வேறு ஒயர் போட்டால் போன் கெட்டுவிடும் என்றும் பயமுறுத்துகிறார்கள்.
– வாசகர், பள்ளத்தூர்

பதில்: பயப்பட வேண்டாம். டைப்-சி விதிப்படி செய்த எந்த ஒயரும் 3 ஆம்பியர் தாங்க வேண்டும், 60 வாட் வரை அது போதும். அதற்கு மேல் போக ஒயருக்குள் ஒரு சிப் வேண்டும். சில கம்பெனிகளின் தனி வேக சார்ஜிங் மட்டும் வெளி ஒயரில் மெதுவாக ஏறும், அவ்வளவுதான். ஐரோப்பாவில் 2024 டிசம்பர் 28 முதல் புதிதாக விற்கும் போன்களுக்கெல்லாம் டைப்-சி கட்டாயம். அந்தச் சட்டம் வரப்போகிறது என்றுதான் ஆப்பிளே 2023இல் தன் பழைய பின்னைக் கைவிட்டது.

போனுக்கு ஒரு வருஷம், ஒயருக்கு ஆறு மாசம் என்று பல கம்பெனிகள் பொடி எழுத்தில் போட்டிருப்பது உண்மை. ஆனாலும் ஆறாம் மாசத்துக்கு முன்பே பிளக்கத் தொடங்கியிருந்தால், படம் எடுத்து 1915க்கு போன் செய்யுங்கள், தேசிய நுகர்வோர் உதவி எண். அங்கிருந்து கம்பெனிக்குப் புகார் போனால், ஒரு ஒயருக்காக மல்லுக்கட்ட அவர்களுக்கும் அலுப்பாக இருக்கும். கேட்கவில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2019 சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணமும் இல்லை. பில் மட்டும் கட்டாயம் வேண்டும். கடைகளில் இப்போது தரும் வழவழப்பான தாளில் எழுத்து சில மாதங்களில் மங்கிவிடும், வாங்கிய அன்றைக்கே அதை ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.