அரசியலை விட்டுவிட்டு இசையை மட்டும் எழுதலாமே?

அன்புள்ள சார்,

உங்கள் குறிப்புகளைத் தொடர்ந்து வாசிக்கிறேன். வீட்டுச் சமாச்சாரம், டிவியில் பார்த்தது, கேட்ட பாட்டு என்று சாவகாசமாகப் பேசிக்கொண்டே போகிறீர்கள். ஆனால் நடுவில் அரசியல் வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடுகிறது. எங்கள் வீட்டில் விவாத நிகழ்ச்சி ஓடாத ராத்திரி இல்லை. அப்பா ஒரு கட்சி, அண்ணன் ஒரு கட்சி. டிவியை விட இவர்கள் சத்தம்தான் ஜாஸ்தி. உங்கள் பக்கத்திலாவது நிம்மதியாக இருக்கலாம் என்று பார்க்கிறேன். இசையை மட்டும் எழுதுங்களேன்.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

நியாயமான கோரிக்கைதான். ஆனாலும் நிறைவேற்றுவதாக இல்லை.

இசையை மட்டும் எழுதுவது என்று உட்கார்ந்தாலும் அரசியல் பின்வாசல் வழியாக வந்துவிடும். ஆகாசவாணியின் காலை முகப்பிசையை எடுத்துக்கொள்ளுங்கள். தம்புராவுக்கு மேல் வயலின், சிவரஞ்சனி ராகத்தின் சாயல். இதை விடச் சாதுவான இசை உண்டா? அதை அமைத்தவராகச் சொல்லப்படும் வால்டர் காஃப்மன் ஒரு யூதர். ஹிட்லர் ஆட்சிக்கு வந்தபின், 1934-இல் பம்பாய்க்கு வந்து சேர்ந்தவர். ஜெர்மனியில் அந்த ஆட்சி வராமல் இருந்திருந்தால் நம் வானொலி வேறு எதையாவது இசைத்துக்கொண்டு விழித்திருக்கும்.

அதே வானொலி 1940-இல் ஆர்மோனியத்தை வெளியே அனுப்பியது. ஸ்வரத்தை அசைத்து இழைக்கும் கமகம் அதில் பேசாது, சுருதி நம்முடையது இல்லை என்று காரணம். 1971-இல்தான் தடை தளர்ந்தது. காரணத்தில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது என்றுதான் எனக்கும் தோன்றுகிறது. ஆனால் அதை ஓர் உத்தரவு தீர்மானித்ததே, அதற்கு என்ன பெயர்?

எனக்கு மிகவும் பிடித்தது பி.வி. கேஸ்கரின் கதை. 1952-இல் தகவல் ஒலிபரப்புத் துறை அமைச்சரானார். சாஸ்திரிய சங்கீதத்தில் ஆழ்ந்த ஈடுபாடு. சினிமாப் பாட்டு என்றால் ஆகாது. வானொலியில் அதை ஒடுக்கினார். படத்தின் பெயரைச் சொன்னால் விளம்பரமாகிவிடும் என்று அதையும் நிறுத்த, தயாரிப்பாளர்கள் கோபித்துக்கொண்டு ஒலிபரப்பு அனுமதியையே திரும்ப வாங்கிக்கொண்டார்கள். ஜனங்கள் என்ன செய்தார்கள்? ஊர்வலம் போகவில்லை, மனு எழுதவில்லை. முள்ளைத் திருப்பி இலங்கை வானொலிக்குப் போய்விட்டார்கள். கடைசியில் 1957 அக்டோபரில் ஆகாசவாணியின் பொழுதுபோக்கு ஒலிபரப்பான விவித் பாரதி பிறந்தது. சினிமாப் பாட்டு முன்வாசல் வழியாகவே திரும்பியது. அதே கேஸ்கர்தான் அப்போதும் அமைச்சர்! இதை நான் இசை என்று எழுதுவதா, அரசியல் என்று எழுதுவதா?

உங்களுக்கு அலுத்திருப்பது அரசியல் இல்லை என்று நினைக்கிறேன், அந்த நிகழ்ச்சிகள். அதில் நானும் உங்கள் பக்கம்தான். ஒரு நாள் சத்தத்தை அடைத்துவிட்டுப் பாருங்கள். யாராவது ஒருவர் நிதானமாக விரலை மடக்கி எண்ண ஆரம்பிப்பார். இரண்டாவது விரல் மடங்குவதற்குள் நெறியாளர் கை எழுந்துவிடும். மூன்றாவது காரணம் என்னவென்று இதுவரை எனக்குத் தெரிந்ததில்லை.

போன வாரம் என் தங்கை வீட்டில் இருந்தேன். அவள் பெண்ணுக்கு வேலை கிடைத்த செய்தி, டிவியில் சண்டை உச்சத்தில் இருந்தபோது வந்தது. போனை வைத்துவிட்டுத் தங்கை சொன்னாள். மாப்பிள்ளை திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் "பேஷ்" என்றார். விளம்பர இடைவேளை வந்தது. "ஆமாம், யாருக்கு வேலை கிடைச்சிருக்கு?" என்றார். பெற்ற பெண்ணுக்கு வேலை கிடைத்திருக்கிறது என்பது காதில் விழுவதற்கும் ஓர் இடைவேளை தேவைப்பட்டது. இதை வீட்டுச் செய்தியில் சேர்ப்பதா டிவியில் சேர்ப்பதா என்று நீங்களே சொல்லுங்கள். என்னால் பிரிக்க முடியவில்லை, அதனால்தான் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் எழுதித் தொலைக்கிறேன்.

அப்பாவிடம் இன்று ராத்திரி கேஸ்கர் கதையைச் சொல்லிப் பாருங்கள். பாட்டு விஷயம், கொஞ்ச நேரம் வீடு அமைதியாகக் கேட்கும். பிறகு கேஸ்கர் எந்தக் கட்சி என்று அண்ணன் கேட்பார். காங்கிரஸ் என்று சொல்லிவிட்டு உங்கள் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்ளுங்கள். அதற்கு மேல் நடப்பதற்கு நான் பொறுப்பில்லை.