மதியம் இரண்டரைக்கே ஏன் கடைசி பஸ்?

இங்கிலாந்தின் கிராமப்புறக் கவுண்டிகளில் வசிக்கும் வாசகர்கள், தங்கள் ஊர் பஸ்ஸைப் பற்றிக் கேட்டவற்றுக்கு இந்த இதழில் பதில்.

கேள்வி: எங்கள் கிராமத்துக்குக் காலை ஒன்பதரைக்கு முதல் பஸ், மதியம் இரண்டரைக்குக் கடைசி பஸ். வேலைக்குப் போகிறவர்கள் என்ன செய்வது? இந்த நேரத்தை யார் வைக்கிறார்கள்?
(வாசகி, லிங்கன்ஷயர்)

பள்ளிக்கூட மணிதான் வைக்கிறது. 8 வயதுக்குட்பட்ட பிள்ளைக்குப் பள்ளி 2 மைலுக்கு மேல், 8 முதல் 16 வரை 3 மைலுக்கு மேல் என்றால், இலவசமாக அனுப்பிவைப்பது கவுன்சிலின் சட்டக் கடமை. பொது பஸ் இத்தனை ட்ரிப் ஓட வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை. ஆகவே பஸ் நிறுவனம் காலையும் மாலையும் வண்டியைப் பள்ளி ஒப்பந்தத்துக்குக் கொடுத்துவிடுகிறது. நடுவில் சும்மா நிற்கிற வண்டிதான் உங்கள் ஊருக்கு வருகிறது. எட்டு மணிக்கு இன்னொன்று வேண்டுமென்றால் அதற்குப் புது வண்டியும் புது டிரைவரும் வேண்டும், அதுவும் ஒரு மணி நேர வேலைக்காக. யாரும் தர மாட்டார்கள்.

பள்ளி பஸ்ஸையே பொது பஸ்ஸாகப் பதிவு செய்யச் சொல்லிக் கேளுங்கள். மிச்ச இருக்கைகளில் டிக்கெட் எடுத்து ஏறலாம். இதில் மூன்று சிக்கல்கள் உண்டு. பள்ளி வாசலோடு நின்றுவிடும் வண்டியைக் கடைத்தெரு வரை நீட்ட வேண்டும். பள்ளி நடப்பது ஆண்டுக்கு 190 நாள்தான், விடுமுறையில் ஓட்டத் தனியாகப் பணம் வேண்டும். 22 பேருக்கு மேல் ஏற்றும் வண்டி பொது பஸ்ஸானால் சக்கர நாற்காலி ஏறும் வசதி கட்டாயம். பழைய கோச்சுகள் இங்கேதான் மாட்டிக்கொள்ளும்.

கேள்வி: பிரதான சாலையிலிருந்து ஒரு மைல் உள்ளே இருக்கிறோம். பஸ் உள்ளே வந்து திரும்ப ஆறே நிமிடம். அதற்குக்கூட மறுக்கிறார்களே?
(வாசகர், ஷ்ராப்ஷயர்)

உங்களுக்கு ஆறு நிமிடம், கால அட்டவணை போடுகிறவருக்கு ஒரு முழு பஸ். ஓர் உதாரணம். போக 54, வர 54, நிற்க 12 நிமிடம். மொத்தம் 120. ஒரே பஸ் 9.15, 11.15, 1.15 என்று ஓடி, 3.03க்குத் திரும்பி, 3.15க்குப் பள்ளி வாசலில் நிற்கும். இரு திசையிலும் ஆறாறு சேர்த்தால் அந்த 12 நிமிடமும் போயிற்று. முன்னால் ஒரு டிராக்டர் போனாலே தாமதம், அது அடுத்தடுத்த ட்ரிப்பிலும் ஏறும். அதைத் தவிர்க்க இடைவெளியை இரண்டேகால் மணியாக்கினால் 9.15, 11.30, 1.45 என்று யாருக்கும் மனதில் நிற்காத நேரங்கள் வரும். வண்டி 3.45க்குத்தான் திரும்பும், பள்ளி ஒப்பந்தம் கைவிட்டுப் போகும்.

டிரைவரின் ஓய்வும் இதில் இருக்கிறது. ஐந்தரை மணி நேரம் ஓட்டினால் 30 நிமிட ஓய்வு. இல்லையேல் எட்டரை மணி நேரத்துக்குள் துண்டு துண்டாக 45 நிமிடம் சேர வேண்டும். அந்த 12 நிமிடங்கள் வெறும் நிறுத்தமல்ல.

ஆகவே எல்லா ட்ரிப்பையும் கேட்காதீர்கள். 11.15 வண்டி திரும்பும்போது மட்டும் உள்ளே வரட்டும். மூட்டையோடு வருகிறவர்களுக்கு அதுதான் வேண்டும். ஆறு நிமிடம் போனாலும் ஆறு மிச்சம் இருக்கும்.

கேள்வி: பஸ் நிறைய முதியோர். பிறகு ஏன் நட்டம் என்கிறார்கள்?
(வாசகி, டெவன்)

2008 ஏப்ரல் முதல் முதியோர் பாஸ் இங்கிலாந்து முழுவதும் செல்லும். வார நாட்களில் காலை 9.30 முதல் இரவு 11 வரை இலவசம். (ஒன்பதரைக்கு முன்பே வந்து ‘ஆம் ஐ டூ அர்லி?’ (சீக்கிரம் வந்துட்டேனோ?) என்பவர்களுக்குப் பஸ்காரர்கள் வைத்த பட்டப்பெயர் ‘ட்வர்லி’.) இந்தப் பயணங்களுக்கு ஈடுதொகை தரும்போது நிறுவனத்துக்கு லாபமும் கூடாது, நட்டமும் கூடாது என்பது விதி. இலவசம் என்பதால் மட்டுமே ஏறியவருக்கு டிக்கெட் விலை கிடைக்காது, அவரால் கூடும் செலவு மட்டுமே. ஆகவே ஒரு பாஸ் பயணத்துக்குச் சராசரியாக வருவது முழுக் கட்டணத்தைவிடக் குறைவு. இருக்கை நிறைந்தும் பணப்பெட்டி நிறையாது.

கேள்வி: எங்கள் பஸ்ஸை நிறுத்தப் போவதாக நிறுவனம் அறிவித்திருக்கிறது. கவுன்சிலிடம் என்ன கொண்டுபோக வேண்டும்?
(வாசகர், ஹெரிஃபோர்ட்ஷயர்)

முதலில் நாட்களை எண்ணுங்கள். கவுன்சிலுக்கு 28 நாள், பிறகு பஸ் சேவைகளைப் பதிவு செய்யும் போக்குவரத்து ஆணையருக்கு 42 நாள், ஆக 70 நாள் முன்னறிவிப்பு. அதற்குள் கவுன்சில் டெண்டர் விட்டாக வேண்டும். லண்டனுக்கு வெளியே 1986 அக்டோபர் முதல் பஸ் நடத்துவது பெரும்பாலும் நிறுவனங்களின் வியாபாரம். அவை விட்ட இடத்தில் பொருத்தமெனக் கருதும் சேவையைக் கவுன்சில் வாங்கலாம் என்கிறது 1985ஆம் ஆண்டுச் சட்டம். ‘கருதும்’ என்ற சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. 2016இல் ஆக்ஸ்ஃபோர்ட்ஷயர் மொத்த பஸ் மானியத்தையும் நிறுத்தியது, சட்டம் தடுக்கவில்லை.

கையெழுத்து மனுவைவிட எண்ணிக்கை பேசும். இரண்டு வாரம், ஒவ்வொரு ட்ரிப்பிலும், எந்த நிறுத்தத்தில் எத்தனை பேர், எங்கே போகிறார்கள் என்று எழுதுங்கள். கவுன்சில் பார்ப்பது ஒரு பயணத்துக்கு ஆகும் மானியத்தை. ஆண்டுச் செலவு 1,50,000 பவுண்ட், வரவு 45,000, பயணம் 30,000 என்று வைத்தால், ஒரு பயணத்துக்கு மூன்றரை பவுண்ட். யாரும் ஏறாத ஒரு ட்ரிப்பை நீங்களே வெட்டிக் காட்டினால் பேச்சு எளிதாகும்.

டெண்டர் வகையையும் கேட்டுவையுங்கள். கட்டண வரவு கவுன்சிலுக்குப் போனால், நிறுவனத்துக்கு ஆள் சேர்க்க அக்கறை இராது. நிறுவனமே வைத்துக்கொண்டால் அக்கறை உண்டு, ஆனால் வரவு எவ்வளவென்று தெரியாத புதியவர் பயந்து அதிகம் கேட்பார். பக்கத்தில் புது வீடுகள் கட்டுகிறார்களா? கட்டுமான அனுமதியின்போது பஸ்ஸுக்கென்று பணம் வாங்க வழியுண்டு. சில ஆண்டுகளில் தீர்ந்துவிடும் பணம் அது. தீர்ந்தபின் என்ன என்று இப்போதே எழுதி வாங்குங்கள்.

கேள்வி: நாங்களே ஒரு மினிபஸ் ஓட்டலாமா?
(அதே வாசகர்)

லாப நோக்கில்லாத அமைப்பாகப் பதிந்து, அதே 1985 சட்டத்தின் பிரிவு 22 அனுமதி வாங்கினால் ஊரார் எல்லோரையும் கட்டணத்துக்கு ஏற்றலாம். பிரிவு 19 என்றால் உறுப்பினர்களையும் அமைப்பு சேவை செய்கிறவர்களையும் மட்டும், பொதுமக்களை அல்ல. வண்டி கிடைத்துவிடும், டிரைவர்தான் கிடைக்கமாட்டார். 1997க்கு முன் கார் உரிமம் எடுத்தவர்களுக்கு மினிபஸ்ஸுக்கான டி1 தானாகவே கிடைத்தது, பின்னால் எடுத்தவர்களுக்கு இல்லை. அந்த டி1ஐயும் 70 வயதில் புதுப்பிக்க மருத்துவச் சான்று வேண்டும். ஆள் பட்டியல் போடும்போது பெயருக்குப் பக்கத்தில் பிறந்த ஆண்டையும் எழுதிக்கொள்ளுங்கள்.