முழங்கால் ஜவ்வு கிழிந்து ஓய்வில் இருக்கும்போது எடை ஏறாமல் பார்த்துக்கொள்வது எப்படி?

வாக்கிங் நின்றுபோனதே என்று கவலைப்படாதீர்கள். எடையை ஏற்றுவதும் இறக்குவதும் பெரும்பாலும் சாப்பாடுதான். அதற்காகப் பட்டினியும் கிடக்க வேண்டாம், காயம் ஆறப் புரதம் தேவை. சோற்றில் ஒரு கரண்டியைக் குறைத்து முட்டை, சுண்டல், மீன் என்று சேர்த்துக்கொள்ளுங்கள். வீட்டில் சும்மா இருக்கும்போது டீயோடு உள்ளே போகும் மிக்சர்தான் நிஜ வில்லன்.

காலுக்கு வேலை இல்லாவிட்டால் தொடையின் முன்பக்கத் தசை சீக்கிரம் இளைத்துவிடும். பிசியோதெரபிஸ்ட் சம்மதித்தால், மல்லாந்து படுத்து நல்ல காலை மடக்கிக்கொண்டு, அடிபட்ட காலை முட்டி மடங்காமல் ஒரு அடி தூக்கி, 5 விநாடி நிறுத்தி மெல்ல இறக்குங்கள். உட்கார்ந்தபடியே டம்பெல்ஸும் தூக்கலாம். சம்மணம், இந்தியன் டாய்லெட் இப்போதைக்கு வேண்டாம். மறுநாள் முட்டி வீங்கியிருந்தால் முந்தைய நாள் பயிற்சி அதிகம், பாதியாகக் குறையுங்கள்.