நீலப் புகை விடும் பழைய டீசல் கார்: 85,000 ரூபாய் போடலாமா, விற்றுவிடலாமா?

கேள்வி: ஐயா, என்னிடம் 2012 ஆகஸ்டில் பதிவான ஸ்விஃப்ட் டிசையர் டீசல் கார் இருக்கிறது. 1,90,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. நான்கு மாதமாக ஆக்சிலேட்டரை மிதித்தால் நீலப் புகை வருகிறது. ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் ஆயில் ஊற்ற வேண்டியிருக்கிறது. எஞ்சினை இறக்கி வேலை பார்க்க 85,000 ஆகும் என்கிறார் மெக்கானிக். "ஒரு லட்சம் பெறுகிற காருக்கு இவ்வளவு செலவா?" என்று வீட்டில் சண்டை. புரோக்கர் இப்படியே ஒரு லட்சத்துக்குக் கேட்கிறார். புகை இல்லாவிட்டால் 1.6 லட்சம் போகுமாம். கெட்டி ஆயில் ஊற்றினால் சில வாரம் புகை தெரியாது, அதற்குள் தள்ளிவிடலாம் என்றும் சொல்கிறார். வாரம் ஒருமுறை அப்பாவை ஈரோடு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக கார் அவசியம். இருவர் வருமானம் 58,000, செலவு 40,000. கையிருப்பு 2.8 லட்சம், ஜூனில் மகளின் கல்லூரிக்கு ஒரு லட்சம் வேண்டும். 8 லட்ச ரூபாயில் புதிய கார் எடுத்துவிடலாமா? போன வருடம்தான் டயர், சஸ்பென்ஷன் என்று 40,000 செலவழித்தேன்.
- வாசகர், கோபிசெட்டிபாளையம்

பதில்: முதலில் அந்த 40,000-ஐ மறந்துவிடுங்கள். விற்றாலும் வைத்திருந்தாலும் அது திரும்பி வரப்போவதில்லை. புதிய டயர் இருப்பதால் அடுத்த இரண்டு மூன்று வருடம் அந்தச் செலவு இல்லை, அவ்வளவுதான் அதன் கணக்கு.

85,000 என்ற தொகை எதற்கு என்று மெக்கானிக் சொன்னாரா? உங்கள் கடிதத்தில் இல்லை. நீலப் புகை என்றால் எஞ்சின் ஆயில் எரிகிறது என்று அர்த்தம். கூலன்ட் எரிந்தால் புகை வெள்ளையாக இருக்கும். டீசல் சரியாக எரியாவிட்டால் கறுப்பாக இருக்கும். ஆனால் ஆயில் எந்த வழியாக உள்ளே போகிறது என்பதைப் பொறுத்து பில் மாறும். எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவின் சீல் போயிருந்தால் டர்போவை மட்டும் கழற்றி ரீகண்டிஷன் செய்தால் போதும், பெரும்பாலும் 25,000-க்குள் முடியும். வால்வ் சீல் என்றால் எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டை மட்டும் இறக்கினால் போதும். காலையில் முதல் ஸ்டார்ட்டில் ஒரு கொத்துப் புகை வந்து அடங்கிவிடுவது அதன் அடையாளம். பிஸ்டன் ரிங்கும் போரும் (பிஸ்டன் ஓடும் சிலிண்டரின் உட்சுவர்) தேய்ந்திருந்தால்தான் நீங்கள் சொல்லும் முழு எஞ்சின் வேலை. மிதிக்கும்போது புகை வருகிறது என்கிறீர்கள். அது ரிங்காகவும் இருக்கலாம், டர்போவாகவும் இருக்கலாம். 25,000-க்கும் 85,000-க்கும் இடையே நிற்கிறீர்கள். எது என்று பார்க்காமல் முடிவெடுக்கவே கூடாது.

அதனால் முதல் செலவு சோதனைக்கு. வேலையை எடுத்துச் செய்யப்போகிற மெக்கானிக்கிடம் பார்க்காமல் வேறொரு பட்டறையில், சோதனைக்கு மட்டும் கூலி கொடுத்துப் பாருங்கள். இரண்டாயிரம் மூவாயிரம் ஆகலாம், யோசிக்காதீர்கள். நீங்களும் பக்கத்தில் நில்லுங்கள். எஞ்சின் ஓடும்போது ஆயில் மூடியைத் திறக்கச் சொல்லுங்கள். அங்கிருந்து குப்குப்பென்று புகை தள்ளினால் சந்தேகம் ரிங் பக்கம். அப்புறம் டர்போவிலிருந்து, காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்குப் போகும் குழாயைக் கழற்றச் சொல்லுங்கள். உள்ளே ஆயில் தேங்கி நின்றால், டர்போவின் தண்டு விரலுக்கு ஆடினால், அது டர்போ. கடைசியாக நான்கு சிலிண்டருக்கும் கம்ப்ரஷன் (உள்ளே காற்றின் அழுத்தம்) பார்த்து, எண்களைத் தாளில் எழுதி வாங்குங்கள்.

சோதனை முடியும்வரை இந்தக் காரில் அப்பாவை ஏற்றாதீர்கள். டர்போ சீல் முழுதாகப் போனால் டீசல் எஞ்சின் தன் ஆயிலையே எரிபொருளாக இழுத்துத் தானாக வேகமெடுக்கும். சாவியைத் திருப்பினாலும் நிற்காது. அப்படி நடந்தால் பிரேக்கை இறுக்கி மிதித்து, ஐந்தாம் கியரில் போட்டு கிளட்சை விட்டு எஞ்சினை அணைக்க வேண்டும். அதுவரை கால் டாக்ஸியில் போய்வாருங்கள்.

டர்போவோ வால்வ் சீலோ என்றால் யோசிக்க ஒன்றுமில்லை, செய்துவிடுங்கள். விற்க நினைத்தாலும் செய்துவிட்டே விற்கலாம், 25,000 போட்டு 60,000 கூடக் கிடைக்கும். (புரோக்கரின் 1.6 லட்சத்தை நான் முழுதாக நம்பவில்லை. 2025 செப்டம்பரில் சின்ன கார்களின் ஜிஎஸ்டி 18 சதவீதமாகக் குறைந்து புதிய கார் விலை இறங்கியதால், பழைய காருக்கும் பேரம் இறுகியிருக்கிறது.)

சரி, ரிங்தான் என்று வந்துவிட்டது, 85,000 உறுதி. இங்கேதான் வீட்டில் நடக்கும் சண்டை திசைமாறுகிறது. "ஒரு லட்சம் பெறுகிற காருக்கு 85,000-ஆ" என்ற கேள்வியில் காரின் விலை இருக்கிறது, உங்களுக்கு வேண்டிய பயணம் இல்லை. அடுத்த மூன்று வருடம் அப்பாவை ஈரோட்டுக்குக் கூட்டிப் போக எந்த வழியில் எவ்வளவு ஆகும் என்று பார்ப்போம்.

எஞ்சினைத் திறந்த பிறகு "இதுவும் போயிருக்கு சார்" என்பார்கள். அதற்கு 15,000 சேர்த்து ஒரு லட்சம் வைத்துக்கொள்வோம். மகளின் ஒரு லட்சமும் போனால் கையில் 80,000. புதிய கார் என்றால் பழையதை ஒரு லட்சத்துக்குக் கொடுத்து, கையிலிருந்து ஒரு லட்சம் சேர்த்து, மீதி 6 லட்சத்துக்குக் கடன். மகளின் ஃபீஸ் போக அதிலும் 80,000-தான் மிஞ்சும். ஆக இன்றைக்கு இரண்டும் ஒன்றே. வித்தியாசம் அடுத்த மாதம் தொடங்குகிறது. 9.5 சதவீத வட்டி, ஐந்து வருடம் என்றால் மாதத் தவணை ஏறத்தாழ 12,600. மாதம் மிஞ்சும் 18,000-இல் அது போனால் 5,400-தான். அப்பாவின் வைத்தியமும் மகளின் படிப்பும் நடக்கிற வீட்டில் இதை என்னால் பரிந்துரைக்க முடியாது.

மூன்று வருடம் கழித்து அந்தப் புதிய காரை 5 லட்சத்துக்கு விற்றாலும் கடன் பாக்கி 2.74 லட்சம் போக உங்களுக்கு 2.26 லட்சம். பழைய காரைச் சரிசெய்து, அதே 12,600-ஐ மாதாமாதம் வங்கி ஆர்.டி.யில் (தொடர் வைப்பில்) போட்டால் அசலே 4.5 லட்சம் தாண்டும். பழைய கார் வருடத்துக்கு 30,000 தின்றாலும், அதைக் கழித்த பிறகும் நீங்கள் முன்னால் நிற்கிறீர்கள்; காரும் கையில் இருக்கும்.

இந்தக் கணக்கு செல்லுபடியாக மூன்று வருடம் வைத்து ஓட்ட வேண்டும். முழு எஞ்சின் வேலை பார்த்துவிட்டு ஆறு மாதத்தில் விற்றால் நட்டம்தான். உங்கள் ஆர்.சி. 2027 ஆகஸ்டில் 15 வருடம் முடிகிறது. டெல்லி வட்டாரத்தில் கொண்டுவந்ததுபோல பத்து வருட டீசல் காருக்குத் தடை தமிழ்நாட்டில் இல்லை, எஃப்.சி. (தகுதிச் சான்று) காட்டி ஐந்து வருடத்துக்குப் புதுப்பிக்கலாம். மத்திய அரசு 2022 ஏப்ரலில் இதற்கான கட்டணத்தை 600-லிருந்து 5,000 ரூபாயாக உயர்த்தியது. பசுமை வரியும் உண்டு. இரண்டையும் கணக்கில் சேருங்கள். உதிரிபாகம் பற்றிக் கவலை வேண்டாம். மாருதி 2020-இல் டீசலை நிறுத்திவிட்டாலும் இதே 1,248 சிசி ஃபியட் எஞ்சின் ஸ்விஃப்ட், ரிட்ஸ், இண்டிகா விஸ்டா, புன்டோ என்று எத்தனையோ கார்களில் வந்தது.

என் பதில் மாறுவது இரண்டு இடங்களில். காரின் அடித்தளம் துருப்பிடித்திருந்தால், அல்லது திறந்து பார்க்கையில் பிளாக்கோ (எஞ்சினின் உடல்) கிராங்கோ (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) விரிசல் விட்டிருந்தால் நிறுத்திக்கொண்டு விற்றுவிடுங்கள். பழைய எஞ்சின் ஒன்றை வாங்கி மாட்டலாம் என்பார்கள். எஞ்சின் எண் மாறும், ஆர்.டி.ஓ.வில் ஆர்.சி.யைத் திருத்தாவிட்டால் இன்சூரன்ஸ் கிளைமில் சிக்கல். தேய்மானத்தால் வந்த பழுதுக்கு இன்சூரன்ஸ் பணம் தராது, அதையும் எதிர்பார்க்காதீர்கள்.

கெட்டி ஆயில் யோசனைக்கு வருவோம். செய்யாதீர்கள். உங்களைப் போலவே யாரோ ஒருவர் சேமிப்பை எடுத்து அந்தக் காரை வாங்குவார், ஒரு மாதத்தில் பட்டறை வாசலில் நிற்பார். விற்பதானால் புகையைக் காட்டி, கம்ப்ரஷன் தாளையும் கொடுத்து விற்றுவிடுங்கள். ஒரு லட்சத்துக்குக் கேட்கும் ஆள் புகை தெரிந்துதானே கேட்கிறார்.

வேலை கொடுப்பதானால் எஸ்டிமேட்டில் போரைக் கடைந்து சீராக்குவது, பிஸ்டன், ரிங், பேரிங், கேஸ்கெட், லேத் கூலி எல்லாம் தனித்தனி வரியாக இருக்கட்டும். போரை அளக்காமல் ரிங்கை மட்டும் மாற்றி 30,000-இல் முடிக்கிறேன் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். போர் தேய்ந்திருந்தால் புதிய ரிங் அதில் சரியாக உட்காராது, புகை திரும்ப வரும். கழற்றிய பழைய பாகங்களைக் கேட்டு வாங்குங்கள். பத்தாயிரத்தைப் பிடித்துவைத்து, ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டி ஆயில் மாற்றும் அன்று கொடுப்பதாக முதலிலேயே பேசிவிடுங்கள்.