மதியம் சத்துணவு இருக்கும்போது அரசுப் பள்ளியில் காலை உணவு எதற்கு?

தமிழ்நாட்டு அரசு தொடக்கப் பள்ளிகளில் ஒன்று முதல் ஐந்து வரை படிக்கும் பிள்ளைகளுக்கு, வகுப்பு தொடங்கும் முன்பே சூடாக டிபன் கொடுப்பதுதான் காலை உணவுத் திட்டம். 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கியது, அடுத்த ஆண்டு மாநிலம் முழுக்க வந்தது.

காரணம் எளிது. ராத்திரி எட்டு மணிக்குச் சாப்பிட்ட பிள்ளை காலையில் வெறும் வயிற்றோடு வந்தால், மதியச் சோறு வரை கிட்டத்தட்ட பதினாறு மணி நேரம் பட்டினி. ரிசர்வில் ஓடும் பைக் மாதிரிதான், ஓடும், ஆனால் எந்த இடத்தில் நிற்கும் என்று சொல்ல முடியாது. முதல் பீரியடில் கொட்டாவி, கணக்குப் பாடத்தில் தலை மேசையில். விடியும் முன்பே வேலைக்குக் கிளம்பும் அம்மாவைக் குறை சொல்லிப் பயனில்லை.

"வெறும் உப்புமாதானே" என்று சிலர் உதட்டைப் பிதுக்குவார்கள் (எனக்கும் உப்புமா ஆகாது, அது வேறு கதை). சரி, கூடவே காய்கறி சாம்பார் வருகிறதே, செவ்வாய்க்கிழமை காய் போட்ட கிச்சடி, புதன் பொங்கல். வீட்டில் கேரட்டைப் பொறுக்கித் தட்டின் ஓரத்தில் வைக்கிற பிள்ளை, பக்கத்தில் எல்லோரும் தின்பதைப் பார்த்துத் தானும் தின்னும்.

அப்புறம், காலையில் கொடுப்பதால் மதியச் சத்துணவும் முட்டையும் நின்றுவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, இரண்டும் தனித்தனித் திட்டம், இரண்டு வேளையும் உண்டு.