தினமும் விழுங்கும் மருந்துக்கே அலர்ஜியா?

கேரள மலையிலுள்ள வண்டிப்பெரியாற்றிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். ஏலத்தோட்டத்தில் வேலை. மனைவிக்கு 46 வயது. காசநோய் வந்து குணமானாலும், போகும்போது சிறுநீரகங்களின் மேல் உள்ள இரண்டு அட்ரீனல் சுரப்பிகளையும் கெடுத்துவிட்டுப் போயிருக்கிறது. இதைத்தான் அடிசன் நோய் என்பார்கள். நான்கு வருடமாக ஹைட்ரோகார்ட்டிசோன் மாத்திரை காலையில் 10, மதியம் 5 மில்லிகிராம், கூடவே உடம்பில் உப்பைப் பிடித்து வைக்கும் ஃப்ளூட்ரோகார்ட்டிசோன். இப்போது பித்தப்பையில் கல். தேனியில் லேப்ராஸ்கோப்பி ஆபரேஷனுக்கு நாள் குறிக்கப் போனால், பழைய சீட்டில் சிவப்பு மையில் 'ஸ்டீராய்டு அலர்ஜி' என்று எழுதியிருக்கிறது. "போட்டாலும் ஆபத்து, போடாவிட்டாலும் ஆபத்து என்கிறார்கள். நான் எதைக் கேட்பது?" என்கிறார்.

முதலில் ஒன்று. ஹைட்ரோகார்ட்டிசோன் என்பதே ஸ்டீராய்டுதான். நம் அட்ரீனல் சுரப்பிகள் சுரக்கும் கார்ட்டிசோலும் அதுவும் ஒரே பொருள். அதை உங்கள் மனைவி நான்கு வருடமாகத் தினம் இரண்டு வேளை விழுங்கி, நன்றாகத்தான் இருக்கிறார். அப்படியிருக்க, 'ஸ்டீராய்டு அலர்ஜி' என்று மொத்தமாக எழுதியது எப்படிச் சரியாகும்? அந்தச் சிவப்பு மைதான் எனக்குப் பயமாக இருக்கிறது. நடுராத்திரி டியூட்டியில் இருக்கும் ஒரு இளம் டாக்டர் அதைப் படித்துவிட்டு, போட வேண்டிய ஊசியைப் போடாமல் விட்டுவிடலாம்.

நீங்கள் எழுதிய மூன்று சம்பவங்களையும் தனித்தனியாகப் பார்ப்போம். வைசலோன் (பிரட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை) சாப்பிட்டபோது தூக்கமில்லை, காரணமில்லாத அழுகை. இது அலர்ஜி இல்லை, மருந்தின் பக்க விளைவு. அளவு கூடினால் பலருக்கும் வரும், குறைத்தால் போகும். 5 மில்லிகிராம் வைசலோன், 20 மில்லிகிராம் ஹைட்ரோகார்ட்டிசோனுக்குச் சமம் என்பதையும் நினைவில் வையுங்கள். சின்ன மாத்திரை என்றாலும் சரக்கு அதிகம்.

அடுத்தது, டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு ஊசி போட்டவுடன் 'அடியில் மிளகாய் அரைத்துப் பூசியது போல' எரிச்சல். வெளியே சொல்லக் கூச்சப்பட்டுப் பல பெண்கள் மறைத்துவிடுவார்கள். உங்கள் மனைவி சொன்னதே நல்லது. மயக்க மருந்து டாக்டர்களுக்கு இது நன்றாகத் தெரிந்த விஷயம். அந்த ஊசியை நரம்பில் வேகமாக ஏற்றினால் பிறப்புறுப்பைச் சுற்றி எரிச்சலோ அரிப்போ வந்து, சீக்கிரமே தானாக அடங்கிவிடும். நீர் கலந்து மெதுவாகப் போட்டாலோ, மயக்கத்தில் இருக்கும்போது போட்டாலோ தெரியாது. இதுவும் அலர்ஜி இல்லை.

மூன்றாவதைத்தான் லேசாக விடக் கூடாது. கோட்டயத்தில் காய்ச்சலுக்குச் சேர்த்தபோது உடம்பெல்லாம் தடிப்பு, உதடு வீக்கம். அன்று ஆன்டிபயாட்டிக், வலி ஊசி, ஹைட்ரோகார்ட்டிசோன் ஊசி எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டதாக எழுதியிருக்கிறீர்கள். மூன்றில் யார் குற்றவாளி? பெரும்பாலும் ஆன்டிபயாட்டிக்கோ வலி ஊசியோதான் என்பது என் ஊகம். ஆனால் ஊகத்தை நம்பி ஆபரேஷன் மேசையில் படுக்க வைக்க முடியாது. மாத்திரை ஒத்துக்கொள்ளும் ஒருவருக்கு அதே மருந்தின் ஊசி ஒத்துக்கொள்ளாமல் போவதும் அபூர்வமாக உண்டு. தண்ணீரில் கரைவதற்காக ஊசி மருந்தோடு சக்சினேட் என்ற உப்பைச் சேர்க்கிறார்கள். சிலருக்கு அதுதான் ஆகாது. முக்கியமாக, ஆஸ்பிரின் சாப்பிட்டால் இழுப்பு வரும் ஆஸ்துமாக்காரர்களுக்கு.

ஆகவே அந்த ஆஸ்பத்திரியின் டிஸ்சார்ஜ் சம்மரியையும், முடிந்தால் நர்ஸ் எழுதிய மருந்து சார்ட்டின் நகலையும் வாங்குங்கள். எந்த ஊசி எத்தனை மணிக்கு, தடிப்பு எத்தனை மணிக்கு என்பது அதில் இருக்கும். பிறகு ஆபரேஷனுக்குச் சில வாரம் முன்பே அலர்ஜி பார்க்கும் வசதியுள்ள பெரிய ஆஸ்பத்திரியில் தோல் பரிசோதனை செய்து, அது சரியாக இருந்தால் ஊசியைச் சிறிது சிறிதாகக் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். வீட்டிலோ, மருந்துக்கடை ஊசிக்காரரிடமோ இந்தப் பரீட்சை வேண்டாம். சக்சினேட்தான் காரணம் என்று தெரிந்தால், அது இல்லாத வேறு ஸ்டீராய்டைத் தேர்ந்தெடுக்கலாம்.

ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும்? நல்ல சுரப்பி உள்ளவருக்குக் கத்தி பட்டதும் கார்ட்டிசோல் பல மடங்கு ஏறும். உங்கள் மனைவிக்கு ஏறாது. வெளியிலிருந்து தராவிட்டால் பிரஷர் விழும். எத்தனை பாட்டில் ட்ரிப்ஸ் ஏற்றினாலும் நிமிராது. அதனால் மயக்கம் கொடுக்கும்போது 100 மில்லிகிராம் ஹைட்ரோகார்ட்டிசோன், அதன்பின் 24 மணி நேரத்தில் 200 மில்லிகிராம் ட்ரிப்ஸில், அல்லது 6 மணி நேரத்துக்கு ஒருமுறை 50 மில்லிகிராம் என்பது இன்று பரவலாகப் பின்பற்றும் முறை. வாய்வழி சாப்பிட ஆரம்பித்ததும் இரண்டு நாளைக்கு மாத்திரை இரட்டிப்பு, சிக்கல் இருந்தால் ஒரு வாரம் வரை, அப்புறம் பழைய அளவு. இந்த நாட்களில் தூக்கம் கெடலாம், சுகர் ஏறலாம், அழுகையும் வரலாம். வார்டில் முன்கூட்டியே சொல்லி வையுங்கள், சமாளித்துவிடலாம்.

மயக்க டாக்டரிடம் இரண்டு விஷயம் கேளுங்கள். ஈட்டோமிடேட் என்ற மயக்க மருந்து கார்ட்டிசோல் சுரப்பை அடக்கும், அதைத் தவிர்ப்பார்களா என்பது ஒன்று. வாந்தி வராமலிருக்க வழக்கமாகப் போடும் டெக்ஸாமெத்தசோனையே போதும் என்று விட்டுவிட மாட்டார்களே என்பது இன்னொன்று. டெக்ஸாவுக்கு உப்பைப் பிடித்து வைக்கும் சக்தி இல்லை. அடிசன் நோய்க்காரருக்கு அது மட்டும் பற்றாது. காசநோய் குணமான பிறகும் ஏதோ காரணத்தால் ரிஃபாம்பிசின் என்ற மருந்து இன்னும் ஓடுகிறதென்றால் அதையும் சொல்ல வேண்டும். அது ஹைட்ரோகார்ட்டிசோனைச் சீக்கிரம் கரைத்துவிடும்.

'வெறும் வயிறு' என்றவுடன் காலை மாத்திரையையும் நிறுத்துவதுதான் நான் அடிக்கடி பார்க்கும் தவறு. ஒரு வாய் தண்ணீரோடு போடலாமா என்று முந்தின நாளே டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள். லிஸ்டில் முதல் ஆபரேஷனாகவும் கேளுங்கள்.

ஆபரேஷனுக்கு முந்தின நாளே மலையிலிருந்து கீழே இறங்கிவிட வேண்டும். குமுளி மலைப்பாதையின் வளைவுகளில் வாந்தி எடுத்தால் விழுங்கிய மாத்திரையும் வெளியே. மழைக்காலத்தில் மண் சரிந்து வண்டி நின்றால் இன்னும் கஷ்டம். அலர்ஜி பரிசோதனையில் ஒத்துக்கொண்ட ஊசியை, 100 மில்லிகிராம் மருந்துக் குப்பி, கரைக்கும் நீர், சிரிஞ்சு எல்லாம் சேர்த்து ஒரு டப்பாவில் வைத்துக்கொள்ளுங்கள். தொடையில் போடும் விதத்தை நர்ஸிடம் நீங்களே கற்றுக்கொள்ளுங்கள். பித்தப்பைக் கல்லுக்கும் வயிற்று வலி, வாந்தி. கார்ட்டிசோல் தட்டுப்பாட்டுக்கும் அதே வயிற்று வலி, வாந்தி. தலை சுற்றலும் சோர்வும் சேர்ந்தால் ஊசியைப் போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

பர்ஸில் ஒரு அட்டையும் இருக்கட்டும். குட்டிக்கானம் இறங்கிப் போனால் மலையாளம், குமுளி இறங்கிப் போனால் தமிழ். அதனால் இரண்டிலும், கூடவே ஆங்கிலத்திலும் எழுதுங்கள்: 'அடிசன் நோய், ஸ்டீராய்டை நிறுத்தக் கூடாது.' பரிசோதனையில் எது ஆகாது என்று தெரிகிறதோ, அந்த ஒரு மருந்தின் பெயரை மட்டும் அதன் கீழே சேர்த்து, பழைய சீட்டிலுள்ள சிவப்பு எழுத்தை டாக்டரைக் கொண்டே திருத்திக் கையெழுத்து வாங்குங்கள்.

எப்போது ஊர் திரும்பலாம் என்று கடைசியில் கேட்டிருக்கிறீர்கள். இரட்டிப்பு மாத்திரை முடிந்து, பழைய அளவில் இரண்டு நாள் காய்ச்சலும் வாந்தியும் இல்லாமல் இருந்தால் மலை ஏறலாம். அதுவரை கம்பத்தில் இருக்கும் உங்கள் மச்சினன் வீடே நல்லது.