புகையடுப்பில் உலர்த்திய ஆப்பிள்: வெளியே தோல், உள்ளே ஈரம்

வணக்கம். மரப் புகையும் சூடும் தரும் புகையடுப்பில் 90 டிகிரியில் நான்கு மணி நேரம் வைத்தும் ஆப்பிள் துண்டுகள் மேலே தோல்போல இறுகி, உள்ளே ஈரமாக, கசப்பாக இருப்பதாக எழுதியிருந்தீர்கள். சூடுதான் முதல் காரணம். அந்தச் சூட்டில் மேற்பரப்பு சீக்கிரம் இறுகிவிடும், உள்ளிருக்கும் ஈரத்துக்கு வெளியேற வழியிருக்காது. 55 முதல் 60 டிகிரி செல்சியஸுக்குள் வையுங்கள். கரியைக் குறைத்தும் சூடு இறங்காவிட்டால், புகை பிடித்தபின் பழத்தை ஓவனுக்கோ டீஹைட்ரேட்டருக்கோ (பழம் உலர்த்தும் மின்கருவி) மாற்றிவிடலாம். எனக்கு அதுதான் நல்ல வழியாகப் படுகிறது.

புகையடுப்புக்குள் தண்ணீர்த் தட்டு இருக்கிறதா? இருந்தால் கட்டாயம் எடுத்துவிடுங்கள். இறைச்சிக்கு அது நல்லது, பழத்துக்கு நேர் எதிரி. மேல் காற்றுத் துளையை முழுவதும் திறந்து வையுங்கள். ஈரக் காற்று வெளியேறாமல் எதுவும் காயாது.

கசப்பு, அடர்ந்த வெள்ளைப் புகையால் வருவது. ஈரமான பழம் புகையை வேகமாக இழுத்துக்கொள்ளும். அதனால் மெல்லிய புகை, தொடக்கத்தில் ஒரு மணி நேரம் போதும். மீதி நேரம் வெறும் சூடு. ஆப்பிள் மரத்துண்டு மென்மையான மணம் தரும். பிசின் உள்ள பைன் வகை மரம் வேண்டவே வேண்டாம்.

துண்டுகள் ஒரே சீராக அரை சென்டிமீட்டர் கனம் இருக்கட்டும். ஆறியபின் ஒன்றைக் கிழித்துப் பாருங்கள்: ஈரம் கசியக்கூடாது. பிறகு கண்ணாடி ஜாடியில் தளர்வாக நிரப்பி, ஒரு வாரம் தினமும் குலுக்குங்கள். உள்சுவரில் நீர் முத்து கோர்த்தால் திரும்பவும் காயவைக்க வேண்டும். பூஞ்சை கண்டால் மொத்தத்தையும் கொட்டிவிடுங்கள்.